காலம் யாருக்குச் சொந்தம்?

காலத்தைச் செட்டாகச் செலவிடுவது எவ்வாறு என்று போதிக்கும் நூல்களுக்கு இந்நாளில் பஞ்சமே இல்லை. கோலாலம்பூர்ப் புத்தகக் கடைகளில் அவற்றிற்கெனத் தனி அலமாரிகளே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பள்ளியிற் படித்துத் தோட்டக் காரியாலயத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் என்னைப் போன்றவர்கள் அவ்வலமாரியைத் திரும்பிப் பாராமல் கடந்து போவது அரிது. பகல் முழுதும் பிறருடைய நேரத்தைச் செக்ரோலில் ஏற்றுகிறவனுக்குத் தன்னுடைய நேரம் எங்கே போயிற்று என்ற கேள்வி இரவில் எழுவது இயல்புதானே! சென்ற சில ஆண்டுகளில் இவ்வகை நூல்கள் இருபதுக்குக் குறையாமல் வாசித்துவிட்டேன். சில மெய்யாகவே பயனுடையவை. பல, ஒரே கஷாயத்தை வெவ்வேறு புட்டியில் அடைத்தவை. அவற்றைப் பற்றி என் மனத்திற் பட்டதை இப்பத்திரிகையின் வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இந்நூல்களுக்கெல்லாம் பாட்டனார் என்று சொல்லத் தக்கது ஆர்னால்டு பென்னட் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1908-ல் வெளியிட்ட சிறு புத்தகம். ஒரு நாளின் இருபத்து நான்கு மணியைக் கொண்டு வாழ்வது எப்படி என்பது அதன் தலைப்பின் கருத்து. பென்னட் 1867-ல் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டாபர்டுஷயர்ப் பகுதியிற் பிறந்தவர். வாலிபத்தில் லண்டனுக்குச் சென்று ஒரு வழக்கறிஞர் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆகவே குமாஸ்தாவின் அலுப்பு அவருக்கு நூலறிவால் தெரிந்ததன்று. காலை பத்து மணிக்கு அலுவலகம் புகுந்து மாலை ஆறு மணிக்கு வெளியேறுகிற லண்டன் கனவான், அந்த எட்டு மணியைத்தான் ‘நாள்’ என்று எண்ணிக் கொள்கிறான். மிகுந்த பதினாறு மணியும் அவனுக்கு முகவுரையும் முடிவுரையுமாகப் போய்விடுகின்றன என்கிறார். அந்தப் பதினாறு மணியையே ஒரு தனி நாளாகப் பாவிக்க வேண்டும் என்பது அவருடைய உபதேசம். காலையில் ரயிலிற் செல்லும்போது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அரைமணி நேரம் மனத்தை ஒரு பொருளில் நிறுத்திப் பழகவேண்டும். வாரத்தில் மூன்று மாலைகளில் ஒன்றரை மணி நேரம் ஊன்றிப் படிக்க வேண்டும். கூட்டினால் வாரத்திற்கு ஏழரை மணி நேரம். இவ்வளவே அவர் கேட்பது.

இந்த அடக்கந்தான் எனக்குப் பிடித்தது. முதல் வாரத்திலேயே மலையைப் புரட்டப் புறப்படாதே, சிறிதாகத் தொடங்கு, தொடங்கியபின் ஊராருக்கெல்லாம் உபதேசி ஆகிவிடாதே என்று அவர் எச்சரிக்கிறார். நாவல் எழுதிப் பிழைத்தவராயிருந்தும், அந்த ஒன்றரை மணியில் நாவல் படிப்பதைக் கணக்கிற் சேர்க்கமாட்டேன் என்கிறார். நல்ல நாவல் சிரமம் இன்றியே படிக்கப்படும், சிரமப்பட்டுப் படிப்பதற்குக் கவிதையே ஏற்றது என்பது அவர் வாதம். தம் சரக்கைத் தாமே குறைத்துச் சொல்லும் வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆயினும் அந்நூலில் ஓரிடத்தில் என் வாசிப்புத் தடைப்பட்டு நின்றது. விடியற்காலையில் ஒரு மணி முன்னதாக எழு என்கிறார் பென்னட். எழுந்தவனுக்குத் தேநீர் வேண்டுமே! அதற்கும் வழி சொல்கிறார். சாராய அடுப்பும் பாத்திரமும் தேயிலையும் ஒரு தட்டில் முன்னிரவே எடுத்துவைக்கும்படி வீட்டு வேலைக்காரிக்கு உத்தரவிட்டு விட வேண்டுமாம். அந்த வேலைக்காரிக்கும் நாளொன்றுக்கு இருபத்து நான்கு மணிதான். அவள் அவற்றைக் கொண்டு வாழ்வது எப்படி என்று ஆசிரியர் எழுதவில்லை. பணத்தைப்போல் அன்றிக் காலம் மட்டும் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது, கோடீஸ்வரனுக்கும் ஒரு விநாடி கூடுதல் இல்லை என்று இவர் முதலாக இன்றைய நூலாசிரியர்கள் வரை எல்லாரும் சொல்கிறார்கள். அத்தட்டைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சமத்துவத்தில் நம்பிக்கை குறைந்தது. விடியுமுன் எழுந்து சோறு வடித்து, பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டி, தனக்கும் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நிற்கும் தோட்டத்துப் பெண்ணின் இருபத்து நான்கு மணியும், அவள் புருஷன் பிற்பகல் திரும்பிப் பாயில் படுத்துக் கைப்பேசி பார்க்கிற இருபத்து நான்கு மணியும் ஒன்றா? எத்தனையோ ஆண்மக்களின் ‘மிச்சப்பட்ட நேரம்’ வீட்டுப் பெண்டிரின் நேரத்திலிருந்து எடுத்ததேயாகும். என் வாசிப்பு நேரமும் அப்படித்தான் கிடைக்கிறது என்பதை என் மனைவி சொல்லாமலே நான் அறிவேன்.

நிற்க. பென்னட்டுக்கு முன்னும் இவ்வகை எழுத்து உண்டு. ரோமாபுரியின் தத்துவஞானி செனெக்கா, வாழ்நாளின் குறுமையைப் பற்றிப் பௌலினஸ் என்பவருக்கு எழுதிய நூல் இன்றும் விற்பனையாகிறது. அந்தப் பௌலினஸ் ரோம் நகரத்தின் தானியக் களஞ்சியங்களைக் கண்காணித்த அதிகாரி. ஒரு வகையில் பெரிய ஸ்டோர் கிராணி என்று வைத்துக்கொள்ளலாம். களஞ்சியக் கணக்கை விட்டுவிட்டு ஞான விசாரத்திற்கு வாரும் என்று செனெக்கா அழைக்கிறார். அளவிறந்த செல்வம் படைத்தவர் அழைக்கிறார். நாம் போக முடியுமா? அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்கிளின் காலை ஐந்து மணிக்கு எழுவது முதல் இரவு படுப்பது வரை அட்டவணை வகுத்தவர். காலமே பணம் என்ற வாக்கியத்தை 1748-ல் ஓர் இளம் தொழிலாளிக்கு எழுதிய புத்திமதியில் வழங்கியவர். அத்தனை குணங்களிலும் ஒழுங்கு என்னும் குணமே தமக்குப் படியாமற் போயிற்று என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். அட்டவணையைப் பாராட்டுகிறவர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை.

இனி, தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறவன் தவறாமல் அறியவேண்டிய ஒரு நூலுக்கு வருவோம். பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911-ல் வெளியிட்ட விஞ்ஞான நிர்வாகக் கோட்பாடுகள் என்ற நூலே அது. பெத்லகேம் உருக்காலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளை வண்டியில் ஏற்றும் கூலியாட்கள், ஆளுக்கு நாளொன்றில் ஏறக்குறைய பன்னிரண்டரை டன் ஏற்றி வந்தார்கள். டெய்லர் நிறுத்துக் கடிகாரத்தைக் கையிற் பிடித்து ஒவ்வோர் அசைவையும் அளந்தார். நாற்பத்தேழு டன்னுக்கு மேலும் ஏற்றலாம் என்று கணக்கிட்டார். ஷ்மிட் என்று தாம் பெயரிட்டு வழங்கும் ஒரு தொழிலாளியைப் பிடித்து, நட, எடு, உட்கார், ஓய்வெடு என்று ஒருவன் உடன்நின்று சொல்லச் சொல்ல அவ்வண்ணமே செய்ய வைத்து, நாற்பத்தேழரை டன் ஏற்றுவித்தார். கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாயிற்று. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். மிச்சம் எங்கே சென்றது என்று கேட்பதற்குக் கணித சாஸ்திரம் பெரிதாக வேண்டியதில்லை. அத்தொழிலைச் செய்கிறவனை அவர் மாட்டுக்கு ஒப்பிட்டும் எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்நூலில் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. அவ்வளவு கனத்தைத் தூக்குகிறவன் நாளில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு நேரமே சுமை தாங்கலாம். ஐம்பத்தேழு பங்கு நேரம் சுமையின்றி இருக்க வேண்டும் என்று டெய்லர் கண்டார். ஓய்வு சோம்பலன்று, வேலையின் ஓர் அங்கம் என்று அவருடைய கடிகாரமே சாட்சி சொல்லிற்று. பின்வந்த நிர்வாகிகள் நாற்பத்தேழரையை நெட்டுருச் செய்தார்கள்; ஐம்பத்தேழை மறந்தார்கள். 1911-லேயே அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வார்ப்புத் தொழிலாளர் இக்கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பிற்பாடு அரசாங்கத் தொழிற்சாலைகளில் நிறுத்துக் கடிகாரங்கொண்டு அளப்பதற்குப் பணம் செலவிடலாகாது என்று அந்நாட்டுச் சட்டசபையே தடை விதித்தது.

ரப்பர்த் தோட்டங்களில் இது புதுச் செய்தியன்று. பால் நன்றாகச் சுரப்பது வெயில் ஏறுமுன். ஆதலால் நம்மவர்கள் இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். மரம் ஒன்றை ஒருநாள் வெட்டினால் மறுநாள் விடவேண்டும், ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும் என்பதை முதலாளிமார் நன்கு அறிந்திருந்தார்கள். மரத்தின் ஓய்வுக்கு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வெட்டுகிறவளின் ஓய்வை யார் ஆராய்ந்தார்கள்? ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது மரத்துக்குத்தான். அவளுக்கு அந்த மறுநாள் அடுத்த நிரை காத்திருந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக்கும் ஓர் இருபத்து நான்கு மணிக் கணக்கு உண்டு: வெட்டிய குலை அதற்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிடில் எண்ணெயில் அமிலம் ஏறி மதிப்புக் குறையும். பென்னட்டின் இருபத்து நான்கு மணி மனிதனுக்கு, இது குலைக்கு. எங்கள் காரியாலயச் சுவரில் ஒட்டியிருப்பது இரண்டாவதே.

ஆங்கில நூல்களை இவ்வளவு சொன்னவன் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நூலைச் சொல்லாமல் விடலாமா? நாட்காட்டியைத்தான் சொல்கிறேன். தமிழர்கள் அன்றாடம் பார்க்கும் கால நிர்வாக நூல் அதுவே. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ராகுகாலம் நாளொன்றுக்கு ஒன்றரை மணி. வாரத்திற்குப் பத்தரை மணி. எமகண்டத்தையும் சேர்த்தால் இருபத்தொரு மணி. பென்னட் தம் கனவானிடம் கெஞ்சிக் கேட்டது ஏழரை மணிதான்!

இந்த வாய்ப்பாடு சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் என்ற கணக்கில் அமைந்தது. நம் தீபகற்பத்திலோ கடிகாரப்படி சூரியன் உதிப்பது ஏழு மணியையொட்டி. உதயத்தைக் கொண்டு திருத்திக் கணிக்க வேண்டும் என்று கற்ற ஜோசியர் சொல்வார்கள். வீடுகளில் வழங்குவதோ பெரும்பாலும் பழைய வாய்ப்பாடே. கடிகாரம் என்ன, ஆகாயத்திலிருந்து இறங்கியதா? 1905-ல் கிரீனிச்சுக்கு ஏழு மணி முந்தியதாக இந்நாட்டு நேரம் வைக்கப்பட்டது. 1933-ல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941-ல் இன்னும் பத்து நிமிடம். 1942-ல் ஜப்பானியர் வந்து டோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். அதனால் கடிகாரம் ஒன்றரை மணி முன்னே ஓடிற்று, சரியாக ஒரு ராகுகாலத்தின் அளவு! 1945-ல் திரும்பப் பழைய நேரம். 1982 ஜனவரி முதல் நாள், சபா சரவாக்கோடு ஒன்றாகும்பொருட்டு அரைமணி கூட்டப்பட்டது. சிங்கப்பூரும் உடன் கூட்டிற்று. இத்தனை அரசாங்க உத்தரவுகளையும் ராகு பகவான் கெஜட்டிற் பார்த்துத் தம் வருகையை மாற்றிக் கொண்டாரா என்று பக்தர்கள்தாம் சொல்ல வேண்டும்.

வேடிக்கை இவ்வளவோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை ஏழரை மணிக்கு ராகுகாலம் என்று எந்தத் தொழிலாளியாவது வேலைக்காட்டிற்கு இறங்க மறுத்ததுண்டா? மண்டோர் குரல் கொடுத்தால் ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க, பெண் பார்க்க, காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக, சங்கத்தில் ஒரு மனுக் கொடுக்க என்னும்போதே ராகு வந்து குறுக்கே படுக்கிறார். முதலாளியின் நேரத்தை அவர் தொடுவதில்லை. ஏழை தனக்கென்று வைத்திருக்கும் கொஞ்ச நேரத்தையே அவர் பிடிக்கிறார். திருவள்ளுவரும் காலமறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பகலிற் காக்கை கூகையை வெல்லும் என்று அவர் காட்டுவது கண்ணாற் கண்டு அறியும் காலம். ஜாதகம் அங்கே இல்லை.

இவ்விடத்தில் ஓர் இடைச்சொல். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் மாணவராயிருந்தபோது, தக்காளி உருவத்தில் அமைந்த அடுக்களை மணிக்கருவியை இருபத்தைந்து நிமிடத்திற்கு முறுக்கி வைத்துப் படித்த முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் நாழிகை இருபத்து நான்கு நிமிடம். உடனே, ‘தக்காளி முறையும் தமிழனுடையதே’ என்று கைப்பேசியிற் செய்தி அனுப்பும் அன்பர்கள் உண்டு. நாழிகை வட்டிலைப் பார்த்து நேரம் சொன்ன கணக்கர்கள் பண்டைத் தமிழகத்தில் இருந்தது உண்மை. அவர்கள் அரசனுக்குச் சொன்னார்கள். உழுகிறவனுக்கு யாரும் நாழிகை சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடம் முறுக்கி வைத்துப் படிப்பது நல்ல பழக்கம். யார் கண்டால் என்ன? நான் அப்படித்தான் படிக்கிறேன்.

நம் பக்கத்து ஊரோடு சம்பந்தமுள்ள ஒரு நூலும் உண்டு. சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரை சரித்திரப் பேராசிரியராயிருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1955-ல் லண்டன் பத்திரிகையொன்றில் நகைச்சுவையாக ஒரு விதியை வெளியிட்டார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவும் நிரம்பும்வரை அவ்வேலை வீங்கிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். வேலையற்ற மூதாட்டி மருமகளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்புவதில் ஒரு முழுநாளைக் கழிப்பாள் என்கிறார். பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 1914-ல் 62, 1928-ல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமைக் காரியாலய உத்தியோகஸ்தர் 2,000 பேர் 3,569 பேராகப் பெருகினார்கள். கிராணிகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். மேலதிகாரிகள் காதில் விழும்படி சிரிக்கலாகாது. மாதாந்தர அறிக்கை ஒன்றே மூன்று பாரங்களாகி, மூன்றும் ஒரே எண்ணைக் கேட்பதை நாங்கள் அறிவோம்.

அண்மை நூல்களுள் எனக்கு உவப்பானது ஆலிவர் பர்க்மன் 2021-ல் எழுதியது. எண்பது ஆண்டு வாழ்கிறவனுக்கு வாரக் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சமே உண்டு என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். எல்லாவற்றையும் செய்து முடிக்கும் தந்திரம் ஒன்று உண்டு என்ற ஆசையையே விட்டுவிடு என்கிறார். மற்றவர்கள் விற்கிற மருந்தை இவர் கீழே கொட்டிவிடுகிறார். எனக்கு வயது 36. ஆயிரத்து எண்ணூற்றுக்கு மேல் வாரங்கள் சென்றுவிட்டன. அந்த எண்ணைக் கண்டபோது நெஞ்சு திடுக்கிட்டது உண்மையே. ஆனால் அவருக்கும் பென்னட்டுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. தன் நேரத்தை எதில் செலுத்துவது என்று தானே தீர்மானிக்கக் கூடியவனுக்கே இருவரும் எழுதுகிறார்கள்.

நமக்கு இன்று மாலைப்பொழுது என்று ஒன்று இருப்பதே புத்தகம் படித்து வந்ததன்று. எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுது, எட்டு மணி உறக்கம் என்று ராபர்ட் ஓவன் 1817-ல் முழங்கினார். மெல்போர்ன் நகரக் கல்தச்சர்கள் 1856-ல் வேலையை நிறுத்தி எட்டு மணி நேரத்தைப் பெற்றார்கள். சிக்காகோவில் 1886-ல் ரத்தம் சிந்திற்று. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1919-ல் தன் முதல் உடன்படிக்கையாகவே நாளுக்கு எட்டு, வாரத்திற்கு நாற்பத்தெட்டு என்று விதித்தது. சென்னையில் தோழர் சிங்காரவேலர் 1923 மே முதல் நாள் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல். இந்நாட்டில் 1955-ஆம் வருஷத்துத் தொழிற்சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி முதல் வார வேலையை நாற்பத்தெட்டு மணியிலிருந்து நாற்பத்தைந்து மணியாகக் குறைத்தார்கள். வாரத்திற்கு மூன்று மணி. பென்னட்டின் இரண்டு மாலை!

அந்தச் சட்டத்தில் வேலை நேரம் என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. தொழிலாளி எஜமானன் வசத்தில் நின்று, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள இயலாதிருக்கும் நேரமே வேலை நேரம் என்பது அதன் கருத்து. காலத்தின் பொருளைப் பற்றி நான் படித்த இருபது நூல்களிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் ஒன்றில்லை. எழுதியவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

இதை நான் தேடிப் படிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் உரம் போடுவோரும் மருந்தடிப்போரும் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வருகிறார்கள். அப்போது நல்ல இருட்டு. பேர் போட்டு, சாமான் ஏற்றி, லாரியேறி வேலைக்காட்டை அடையும்போது ஆறு ஐம்பது. சில மாதங்களுக்கு முன் கைப்பேசிப் பதிவு முறை வந்தது. அதனுடன், வேலைக்காட்டில் இறங்கிய விநாடி முதற்கொண்டே நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்று நிர்வாகத்தின் சுற்றறிக்கையும் வந்தது. நாளொன்றுக்கு ஐம்பது நிமிடம். ஆறு நாளுக்கு ஐந்து மணி. லாரியில் நிற்கும் பெண் தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறாள் என்று எவரேனும் சொல்ல முடியுமா? சட்டத்தின் அந்தப் பிரிவைக் காட்டி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். சங்கத்துக்கும் ஒரு பிரதி சேர்த்தேன். கிராணிக்கு ஏன் இந்த வேலை என்று காரியாலயத்தில் ஒருவர் கேட்டார். உத்தியோகத்துக்கு ஊறு வரலாம் என்று வீட்டிலும் அச்சந்தான்.

மேனேஜர் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை, கைப்பேசி பதிவது ஒருபுறமிருக்க, செக்ரோலில் பெரட்டு நேரம் ஒரு பத்தியாகவும் வேலைக்காட்டில் இறங்கிய நேரம் ஒரு பத்தியாகவும் கையால் எழுதி வருகிறேன். மருந்தடிக்கும் பெண்களுள் மூத்தவர் ஒருவர், எழுத்தறியாதவர், சென்ற சம்பள நாளன்று காரியாலய ஜன்னலருகே வந்து, ‘கிராணியாரே, அந்த அம்பது நிமிசத்தை எங்க எழுதியிருக்கீங்கன்னு காட்டுங்க’ என்றார். ஏட்டைத் திருப்பி வைத்துக் காட்டினேன். விரலை வைத்துக் கொண்டே பத்தி முழுதும் கீழே இறங்கிப் பார்த்தார்.